எட்டாம் நம்பர் செருப்பு

ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், ஒரு வீட்டு வாசலில், எட்டாம் நம்பர் ஆண் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. அதற்குள் எந்தக் காலும் நுழைந்ததில்லை.

அதை வாங்கிப் போட்டவள் செண்பகவல்லி. கோவில்பட்டியிலிருந்து வேலைக்கு வந்து, அந்த வீட்டில் தனியாகக் குடியிருந்தாள். பார்சல் கொண்டுவருகிறவனும், மாடி மாறி வந்துவிட்டதாகச் சொல்லி மணியடிக்கிறவனும் உள்ளே ஓர் ஆள் இருப்பதாக நினைக்கட்டும் என்று வைத்திருந்தாள். சாயங்காலம் வந்ததும், இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்டதுபோல அதைக் காலால் லேசாகக் கோணலாக்கிவிட்டு உள்ளே போவாள்.

"உத்தியோகம் எப்படிப் போகுது மாப்பிள்ளை?" என்று பக்கத்தில் கால் துடைக்கப் போட்டிருந்த மிதியடி கேலி செய்யும்.

"சும்மா கிடக்கிறதுதானே அக்கா உத்தியோகம்?"

வராந்தாவின் மேல்மூலையில் ஒரு கேமரா இருந்தது. அது பார்ப்பதையெல்லாம் குடியிருப்பவர்கள் தங்கள் போனில் பார்க்கலாம். ஒரு நாள் காலை அது செருப்பைக் கூப்பிட்டது.

"ஏய், உன் படம் நம்ம குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுல ஓடிக்கிட்டிருக்கு."

"என்னவாம்?"

"யாரோட செருப்புன்னு ஆராய்ச்சி. அவ ஆபீஸ் மேனேஜரோடதுங்கிறார் ஒருத்தர். பெண்டாட்டி பிள்ளை உள்ளவன்னு ஒரு அம்மா. அவன் படியேறி வந்ததைக் கண்ணால பார்த்ததா இன்னொருத்தர்."

"என்னைப் போட்டுக்கிட்டா?"

"மீசைகூட இருந்துச்சாம்."

மிதியடி விழுந்து விழுந்து சிரித்தது. செருப்புக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தணிகாசலம் வந்து மணியடித்தார்.

"தப்பா நினைக்காதேம்மா. குடும்பங்கள் இருக்கிற இடம். நாலு பேர் கேக்கிறாங்க. யாருன்னு குழுவுல ஒரு வார்த்தை போட்டுடு. இல்லேன்னா ஓனர்கிட்ட பேசி வீட்டைக் காலி பண்ணச் சொல்ற மாதிரி ஆயிடும்."

"அது என் சொந்த விஷயம் சார்."

கதவைச் சாத்தினாள். உடனே குழுவிலிருந்து விலகினாள். கதவின் கீழ் இடுக்கில் அவளுடைய பாதங்களின் நிழல் வெகுநேரம் அசையாமல் நின்றது.

"அவ பேரு நாறுது அக்கா. நான் உண்மையைச் சொல்லிடப் போறேன்" என்றது செருப்பு.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா கிட. ஒரு வார்த்தைல முடிக்கிற விஷயத்தை அவளே ஏன் சொல்லலை? யோசிச்சியா?"

"உண்மை யாரை என்ன செய்யும்?"

மறுநாள் பெருக்க வந்தவளின் துடைப்பம் பட்டது. அதுதான் சாக்கென்று செருப்பு புரண்டு கவிழ்ந்து படுத்தது.

"நல்லாப் பாரு" என்றது கேமராவிடம்.

கேமரா பார்த்தது. எல்லாரும் பார்த்தார்கள். அடிப்பாகத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. கடைக்காரன் ஒட்டிய சீட்டுகூடக் கிழியவில்லை.

குழு உருகிப்போனது. "ஐயோ பாவம், யாருமே வர்றதில்லை." "தனியாத்தான் இருக்கு அந்தப் பொண்ணு." மீசையைப் பார்த்தவரும் கைகூப்பும் படம் போட்டார். ஒருவர், 'பெண்களின் சாமர்த்தியம்' என்று தலைப்பிட்டு, வீட்டு எண்ணோடு அந்தப் படத்தைத் தனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவைத்தார்.

"பேரு சுத்தமாயிடுச்சு. எல்லாரும் நல்லவங்கப்பா" என்றது கேமரா.

"பார்த்தியா அக்கா?" என்றது செருப்பு.

சாயங்காலம் செண்பகவல்லி வந்தாள். எதுவும் அவளுக்குத் தெரியாது. கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்தி, வழக்கம்போல் கோணலாக்கிவிட்டு உள்ளே போனாள்.

சற்று நேரத்தில் அறியாத இரண்டு கால்கள் படியேறி வந்து மிதியடிமேல் நின்றன. போட்டிருந்ததைக் கழற்றி ஓரமாக ஒதுக்கின. கேமரா பார்த்துக்கொண்டிருந்தது, பார்ப்பதுதான் அதன் வேலை.

மணி அடித்தது.

"யாரு?" என்றாள் அவள் உள்ளிருந்து.

செருப்புக்குள் முதன்முறையாக ஒரு கால் நுழைந்தது. அளவு சரியாக இருந்தது.