ஒன்பது காசு முடிச்சு

“சாமி, தேய்ந்துபோன காசை வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா?”

கேட்டவர் குற்றாலிங்கம்.

மடத்துச் சாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் குற்றாலிங்கத்தைவிட ஆறு வயது இளையவர். அதனால் குருவாக இருந்தும் சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“எந்தக் காசு, அண்ணாச்சி?”

குற்றாலிங்கம் வெகுகாலம் பழைய நாணயங்கள் சேர்த்தவர். கை படாத காசு எது, ஊரெல்லாம் சுற்றித் தேய்ந்த காசு எது என்று பூதக்கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தே சொல்லிவிடுவார். இப்போது அவருக்கு வீட்டை விட்டு மடத்தில் வந்து தங்கிவிட ஆசை. வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வந்தால் இடம் உண்டு என்று சாமியார் சொல்லியிருந்தார். மனைவி ஆவுடைத்தாயிடம் சம்மதம் கேட்டதற்கு, “உங்க இஷ்டம்” என்றிருந்தாள்.

சேர்த்த நாணயங்களை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது ஆவுடைத்தாயின் பிஸ்கட் டப்பா ஒன்றுதான். அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே மஞ்சள் துணியில் ஒன்பது முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு.

இரண்டு பக்கமும் பார்க்காமல் காசுக்கு மதிப்புச் சொல்ல முடியாது. ஆகவே ஒன்பதையும் அவிழ்த்தார். வருட வரிசைப்படி மேசைமேல் அடுக்கினார்.

“எல்லாம் புழங்கின காசு, சாமி. ஒன்றுகூடத் தேறாது.”

“துணி என்ன ஆச்சு?”

“கந்தல்தானே. அலமாரி துடைத்துப் போட்டுட்டேன்.”

சாமியார் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

“முடிந்து வைத்தவங்ககிட்ட கேட்டீங்களா?”

“அவள் நாளைக்குத்தான் வருவாள்.”

“அப்போ நாளைக்குக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டார்.

வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் சாஸ்தாவை நினைத்து மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். நினைத்தது நடந்துவிட்டால், பங்குனி உத்திரத்தன்று அந்தக் காசைக் கோயில் உண்டியலில் சேர்த்துவிட வேண்டும். இது குற்றாலிங்கத்துக்கும் தெரியும். காசைக் கண்டதும் மறந்துவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் நினைவு வந்தது.

மறுநாள் காலை ஆவுடைத்தாய் வந்தாள். பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. மேசைமேல் வரிசையாகக் கிடந்த காசுகளைப் பார்த்தாள். அலமாரிமேல் அழுக்காகிக் கிடந்த மஞ்சள் துணிகளையும் பார்த்தாள்.

குற்றாலிங்கம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். எது எதற்கு முடிந்தது என்று இனி எப்படித் தெரியும் என்றும் வருத்தப்பட்டார்.

ஆவுடைத்தாய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய வரிசையைக் கலைத்து, ஒரு காசை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள்.

“இது என் தம்பிக்கு. சண்டை போட்டுட்டுப் போனவன் ஒருநாள் பேசணும்னு.”

இன்னொன்றை எடுத்தாள். மகளுக்குப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று. அடுத்தது, தொலைந்துபோன செவலைப் பசு எங்கேயாவது நன்றாக இருக்க வேண்டும் என்று. கண்ணாடி போடாமலே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நடந்து முடிந்ததையெல்லாம் அந்தந்த வருஷமே கோயிலில் சேர்த்துவிட்டாளாம். இவை இன்னும் நடக்காதவை.

ஓரம் நசுங்கிய ஒரு ஐந்து பைசாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இது உங்க குறட்டை நிக்கணும்னு.”

“அது நிக்கலையே.”

“அதான் காசு இங்க கிடக்கு.”

குற்றாலிங்கம் சிரித்தார். அவளும் சிரித்தாள். எட்டுக் காசுகள் ஆயிற்று.

ஒன்பதாவது ஒரு இருபது பைசா. மஞ்சள் நிறம். அதில் இருந்த தாமரை, இதழ் தெரியாமல் தேய்ந்திருந்தது. அதை மட்டும் அவள் எடுக்கவில்லை.

“அது?” என்றார்.

“கல்யாணமாகி மூணாம் வருஷம் இதே மாதிரி ஒரு மடத்துக்குப் போனீங்களே. அன்னிக்கு முடிஞ்சது. நீங்க திரும்பி வரணும்னு.”

“மூணாம் நாளே வந்துட்டேனே.”

“வந்தீங்க. துண்டை மறந்துட்டேன், எடுக்க வந்தேன்னு சொல்லிக்கிட்டு வந்தீங்க.”

குற்றாலிங்கம் விரல்விட்டு எண்ணினார். இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

“நடந்துதான் போச்சே. அப்புறம் ஏன் கோயிலில் சேர்க்கலை?”

“நீங்க வந்தது துண்டுக்கா, இருக்கிறதுக்கான்னு இன்னிவரைக்கும் சொல்லலையே.”

அவள் எழுந்து, பையிலிருந்த கத்திரிக்காயை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். குற்றாலிங்கம் தாமரைக் காசைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பூதக்கண்ணாடி பக்கத்திலேயே இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மடத்தில் ஒரு புதுப் பாய் விரித்திருந்தது.

குற்றாலிங்கம் வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு, சாமியாரை வணங்கினார்.

“வெறுங்கையா, அண்ணாச்சி?”

“வெறுங்கைதான், சாமி.”

“அந்த ஒன்பது காசு?”

“எட்டை அவள் புதுத்துணியில் முடிந்து வைத்துவிட்டாள். ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளத் தகுந்தது இல்லை. நான் வீடு திரும்பணும்னு அவள் முடிந்தது அது.”

“அதை என்ன செஞ்சீங்க?”

“நேற்று இரண்டு பேருமாய்ச் சாஸ்தா கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டுட்டு வந்தோம்.”

“உத்திரத்துக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே.”

“ஏற்கெனவே ரொம்பத் தாமதம், சாமி.”

சாமியார் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தினார்.

குற்றாலிங்கம் விடைபெற்றுப் படி இறங்கினார். வாசல் வேப்பமரம் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“அண்ணாச்சி, துண்டு.”

குற்றாலிங்கம் திரும்பினார்.

“அது இங்கேயே இருக்கட்டும், சாமி” என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.