அரசியின் சுருதி

கொன்றைநகரை ஆண்ட மாறவேளுக்குப் பாட்டென்றால் உயிர். அவன் மனைவி நங்கைமொழிக்கும் அப்படித்தான். நந்தவனத்தில் தனியாக அவள் முணுமுணுப்பதைக் கேட்டால் பூப்பறிக்கிறவர்கள் கையை நிறுத்திவிடுவார்கள். ஆனால் எதிரே ஆள் வந்தால் போதும், பாட்டு நின்றுவிடும்.

அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆஸ்தான வித்வான் தாண்டவ பாகவதர் வந்தார். அரசி வாயைத் திறந்தாலே, "சுருதி சேரவில்லை! நிறுத்துங்கள்!" என்பார். நாளடைவில் நந்தவன முணுமுணுப்பும் நின்றுபோயிற்று.

ஒருநாள் பாகவதர் சபையிலேயே சொல்லிவிட்டார். "மகாராஜா, மகாராணிக்குக் குரலே இல்லை. பாட்டை விட்டுவிடுவது நல்லது."

அரசி தலைகுனிந்தாள். கண்ணில் நீர் திரண்டது. வாய்த்துடுக்குக்குப் பேர்போன அரசவை விகடகவி ஆரூரன் அதைப் பார்த்தான். சட்டென்று எழுந்தான்.

"குரல் இருக்கிறது. வித்வானுக்குத்தான் காது கேட்கவில்லை."

பாகவதர் சீறினார். "அப்படியானால் நீயே கற்றுக்கொடு! வசந்தவிழாவில் மகாராணி சபையில் பாடாவிட்டால், ஊரைவிட்டே போய்விடுவாயா?"

"போகிறேன்" என்றான் ஆரூரன்.

மறுநாள் அரசி கேட்டாள்: "உனக்குப் பாடத் தெரியுமா?"

"தெரியாது, தாயே. கேட்கத் தெரியும். ஏதாவது பேசுங்கள்."

அவள் பேசப்பேச, அந்தக் குரலோடு ஒத்துவரும்வரை தம்புராவின் தந்திகளைத் தளர்த்திக்கொண்டே வந்தான். வாசலில் நின்ற பாகவதர் பதறினார். "என் சுருதியை ஏன் இறக்குகிறாய்?"

"உங்கள் பாதரட்சையை மாட்டிக்கொண்டு மகாராணி நடந்தால் தடுக்கித்தான் விழுவார். அது காலின் குற்றமா?"

பிறகு ஒரு விளக்கை அரசி முன் வைத்தான். "மூச்சை வயிறுவரை இழுங்கள். மெல்ல ஊதுங்கள். சுடர் சாயவேண்டும், அணையக்கூடாது."

முதலில் விளக்கு அணைந்துகொண்டே இருந்தது. போகப்போகச் சுடர் சாய்ந்தபடியே நின்றது. "இப்போது அதே மூச்சில் 'ஆ...' என்று ஒரு ஆகாரம்!" என்றான். குரல் நடுங்காமல் நீண்டு வந்தது. அரசிக்கே நம்பமுடியவில்லை. அடுத்த வாரம் தோழி ஒருத்தியை உட்காரவைத்துப் பாடினாள். அப்புறம் சமையற்கட்டே வந்து கேட்டது.

வசந்தவிழா வந்தது. சபை நிரம்பி வழிந்தது. அரசி கூட்டத்தைப் பார்த்தாள். "முடியாது ஆரூரா" என்றாள் மெதுவாக. பாகவதர் மீசையைத் தடவினார்.

ஆரூரன் அரசனிடம் திரும்பினான். "மகாராஜா, முதலில் நீங்கள் ஒரு பாட்டுப் பாடவேண்டும்."

"நானா!" அரசனுக்கு உச்சிகுளிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான் பாருங்கள் ஒரு ராகம்! எங்கோ தொடங்கி எங்கோ போயிற்று. வெளியே பட்டத்து யானை பிளிறியது.

"ஆஹா! ஆஹா!" என்றார்கள் மந்திரிகள். "தெய்விகச் சாரீரம்!" என்றார் பாகவதர்.

அரசிக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்த சிரிப்பில் பயம் போனது. மூச்சை இழுத்தாள், பாடினாள். சபையில் ஒருவரும் அசையவில்லை. பாட்டு முடிந்ததும் முதல் குரல் பாகவதருடையதுதான். "சுருதி சுத்தம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அரசன் கேட்டான்: "எல்லாம் சரி, என்னை ஏன் பாடச்சொன்னாய்?"

"மகாராணிக்கு மூச்சு வந்துவிட்டது, சுருதி வந்துவிட்டது. தைரியம் மட்டும்தான் வரவேண்டியிருந்தது. உங்கள் பாட்டுக்கே இந்தச் சபை 'ஆஹா' என்றால், அப்புறம் பாட யாருக்குத்தான் பயம் இருக்கும், மகாராஜா?"

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். முத்துமாலையைக் கழற்றி ஆரூரன் கழுத்தில் போட்டான். "அப்படியானால் இன்னொன்று பாடட்டுமா?"

ஆரூரன் கைகூப்பினான். "வேண்டாம் மகாராஜா, மகாராணிக்கு வந்த தைரியமே போதும்!"