துள்ளன் வீசிய தேக்கிலைக் கூடாரம்

மொட்டைப்பாறைக்கு இந்தப் பக்கக் காட்டில் துள்ளன் என்றொரு முயல் இருந்தான். பாறையைத் தாண்டிப் போக யார் துணை கேட்டாலும், "நானிருக்கேன்!" என்று மார்தட்டுவான்.

ஒருநாள் பூவாத்தா என்ற அணில் அவனிடம் வந்தாள். பாறைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அக்கா குட்டி போட்டிருந்தாள். பிள்ளை பெற்ற கூட்டுக்கு இலவம்பஞ்சு கொண்டுபோவது அணில்களின் வழக்கம்.

பாறையைக் கடக்க அரைநாள் ஆகும். அங்கே ஒண்ட ஒரு மரமில்லை, ஒரு பொந்துகூட இல்லை. அதனால் போகிறவர்கள் தையல்சிட்டிடம் ஒரு தேக்கிலைக் கூடாரம் வாங்கிக்கொள்வார்கள். நாலு இலையை நாரால் தைத்து, தேன்மெழுகு பூசியது அது. மடித்தால் ஒரு பிடிக்குள் அடங்கும். விரித்தால் இரண்டு பேர் தாராளமாக ஒண்டலாம்.

"பஞ்சு மூட்டையே எனக்குப் பாரமா இருக்கு. கூடாரத்தை நீங்க சுமக்கிறீங்களாண்ணே?" என்றாள் பூவாத்தா.

"இதெல்லாம் ஒரு சுமையா! கொடு தங்கச்சி!" என்று துள்ளன் அதை முதுகில் கட்டிக்கொண்டான்.

வழியில் ஓடையில் தண்ணீர் குடிக்க அவள் நின்றாள். துள்ளன் முன்னே போனான். மரத்தின்மேல் குரங்குக் கூட்டம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அடேய், நத்தை போகுது பாருங்கடா! வீட்டைத் தூக்கிக்கிட்டுப் போகுது!"

"வானத்துல ஒரு பொட்டு மேகம் இருக்கா? பயந்தாங்கொள்ளி!"

துள்ளனுக்குக் காதெல்லாம் சூடேறியது. "யாருடா பயந்தாங்கொள்ளி?" என்று கூடாரத்தை அவிழ்த்து முட்புதருக்குள் வீசினான். குரங்குகள் கைதட்டின. அவனுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

பின்னால் வந்த பூவாத்தா, "கூடாரம் எங்கேண்ணே?" என்று கேட்டாள்.

"வயித்துல கட்டியிருக்கேன். ஓடுறதுக்கு அதுதான் தோது!" என்றான். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை!

பாறையின் நடுவுக்கு வந்தபோது வானம் கறுத்தது. சடசடவென்று ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது.

"அண்ணே, கூடாரத்தை விரிங்க! சீக்கிரம்!"

துள்ளன் எதையோ தேடுவதுபோல வயிற்றைத் தடவினான். இல்லாததை எங்கிருந்து எடுப்பது? அதற்குள் ஒரு கட்டி பூவாத்தாவின் தலையில் விழுந்தது. அவள் சுருண்டு விழுந்தாள்.

துள்ளன் பாய்ந்துபோய் அவளைத் தன் உடம்பால் மூடிக்கொண்டான். முதுகில் கட்டிகள் விழுந்துகொண்டே இருந்தன. அடியில் அவளுடைய குட்டி நெஞ்சு படபடவென்று அடித்து, மெல்லமெல்லத் தளர்ந்தது. 'என்னால்தான், என்னால்தான்' என்று அவன் மனம் குமைந்தது.

நல்லவேளை, மழை விட்டது. பூவாத்தா மெல்லக் கண் திறந்தாள். நடுங்கிக்கொண்டே, "நார் அவுந்து வழியில விழுந்துடுச்சாண்ணே? நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்!" என்றாள்.

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அது நுனிநாக்குவரை வந்துவிட்டது. ஆனால் அவள் அவனுக்காகப் பரிந்து பேசியது, விழுந்த கட்டிகளைவிட அதிகமாக வலித்தது.

"விழலை தங்கச்சி. நான்தான் வீசிட்டேன். குரங்குங்க சிரிச்சுது. உன்கிட்ட பொய் சொன்னேன்."

பூவாத்தா பஞ்சு மூட்டையைப் பிழிந்தாள். தண்ணீர் ஒழுகியது. பிறகு நிமிர்ந்து, "சிரிச்ச குரங்குல ஒண்ணாவது நம்மகூட நனைஞ்சுதாண்ணே?" என்று கேட்டாள்.

துள்ளனால் தலையைத் தூக்க முடியவில்லை. அவள் ஈர மூட்டையைத் தூக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடந்தாள். 'துணைக்கு வர்றேன்' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பத்தடி பின்னாலேயே, காது தொங்க நடந்துபோனான்.

அடுத்தவர் கேலிக்கு அஞ்சி ஆபத்துக்கு உதவும் பொருளை எறிகிறவன், தன்னை நம்பி வந்தவரின் முகத்தைப் பார்க்கவே கூசி நிற்பான்.