நீட்டணுமா, மடக்கணுமா

தாராபுரத்தில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற தேவானையை நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். தையல்காரரை அப்படிக் கூப்பிடுவது ஊர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு இருபது பேர் அவர் கடையில் பேசாமல் தியானத்தில் உட்கார்ந்திருப்போம். யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம். பதில் வரும், வராமலும் போகும். நான் வேன் ஓட்டுகிறவன். சவாரி இல்லாத ஞாயிறுகளில் போய் உட்காருவேன்.

எங்களில் மூத்த சீடர் நாச்சிமுத்து. உரக்கடை வைத்திருக்கிறார். மாஸ்டருக்கு நாற்பது வயது, இவருக்கு ஐம்பத்திரண்டு. பதினோரு வருசமாக வருகிறார். கடைசி ஆறு மாசமாக அவருக்கு ஒரே கேள்விதான்.

"நான் வளர்ந்துட்டனுங்களா மாஸ்டர்?"

ஆமாம் என்று மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் காங்கேயத்தில் சொந்தமாக ஒரு ஞாயிறு வகுப்பு ஆரம்பித்துவிடுவார். மண்டபம் பேசியாகிவிட்டது. 'மாஸ்டரின் ஆசியுடன்' என்று நோட்டீஸ் கூட அடித்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை திறப்பு. ஆசிதான் இன்னும் வரவில்லை. மனுசன் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு அலைந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று மாசத்துக்கு முன்னால் மாஸ்டர் நாச்சிமுத்துவை ஊதியூர்ப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அவருடைய சொந்த அக்கா வீட்டுக்கு ஒரு நடை போய்வரச் சொன்னார். வேலித் தகராறில் பேச்சு நின்றுபோய், அக்கா வீட்டுக்காரர் செத்ததற்குக்கூடப் போகாதவர் இவர். ஒன்றும் பேச வேண்டாம், அரை மணி நேரம் அக்காகூட உட்கார்ந்திருந்துவிட்டு வந்தால் போதும் என்றார் மாஸ்டர்.

"அதுக்கெல்லாம் எனக்குப் பக்குவம் பத்தாதுங்க மாஸ்டர். நான் இன்னும் சின்னவன்" என்று நாச்சிமுத்து கும்பிட்டுவிட்டார்.

அடுத்த வாரமே பழையபடி, வளர்ந்துட்டனுங்களா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாஸ்டர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை நாச்சிமுத்துவின் மகள் தன்யஸ்ரீக்குப் பன்னிரண்டு முடிந்தது. பிள்ளை ஆசைப்பட்டாள் என்று பொழுதுபோக்குப் பூங்காவுக்கு என் வேனைப் பேசினார். மாஸ்டரையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டார். ஒரு பகல் முழுக்கக் கூடவே இருந்தால் எப்படியும் வார்த்தையை வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. போகிற வழியிலேயே இரண்டு தடவை கேட்டுவிட்டார். மாஸ்டர் சன்னலுக்கு வெளியே காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பூங்காவில் வாசலுக்கு வாசல் பலகையில் செய்த ஒரு ஒட்டகச்சிவிங்கி நிற்கிறது. அதன் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. பெரிய ரைடுக்குப் போகிற வாசலில், கோட்டுக்கு மேலே தலை வந்தால்தான் ஏற விடுவார்கள். தன்யாவோ சரியாகக் கோட்டில் நின்றாள். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

நாச்சிமுத்து விடுவாரா? குதிரைவாலை உச்சிக்கு ஏற்றிக் கட்டிவிட்டார். குதிகாலைத் தூக்கச் சொன்னார். அளக்கிற பையனிடம் போய், பன்னெண்டு முடிஞ்ச பிள்ளை தம்பி, பெரிய மனுசி, ஏழாவது படிக்கிறாள் என்று ஒரு பாட்டம் பேசினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அந்தப் பையன் அலுத்துப்போய் அவள் புறங்கையில் நீல முத்திரை ஒன்றைக் குத்தி உள்ளே விட்டான். முத்திரை இருந்தால் மறுபடி எந்த ரைடிலும் அளக்க மாட்டார்களாம்.

பிள்ளைக்கு அந்த ரைடைவிட முத்திரைதான் பெரிதாகப் போய்விட்டது. இறங்கி வந்ததும் மாஸ்டரிடம் கையை நீட்டிக் காட்டினாள். என்னிடமும் காட்டினாள். ஐஸ் தின்னும்போது அதில் வழியாமல் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

மதியம் சாப்பாட்டுக்குப் போனோம். பஃபே. பெரியவர்களுக்கு அறுநூறு, சிறுவர்களுக்கு முந்நூறு என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அதே ஒட்டகச்சிவிங்கி, அதே சிவப்புக் கோடு. இங்கே தலை கோட்டுக்குக் கீழே இருந்தால் சிறுவர்.

நாச்சிமுத்து மகளைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். குதிரைவாலை அவிழ்த்துப் பிடரியில் தணித்துக் கட்டினார். செருப்பைக் கழற்றச் சொன்னார். பிறகு கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, அந்த நீல முத்திரையைத் தேய்க்க ஆரம்பித்தார். அது லேசில் போகவில்லை. தோல் சிவந்துவிட்டது. தன்யா கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஆளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. ஓட்டுகிற வண்டிக்கு வாடகை கொடுக்கிறவர் அவர்தான், வாயை மூடிக்கொண்டேன்.

இவள் திங்கிறது ஒரு கைப்பிடி சோறு, அதுக்கு எதற்கு அறுநூறு என்று அவர் மாஸ்டரிடம் சிரித்தார். நியாயம்தான், பிள்ளை அவ்வளவுதான் தின்பாள். மாஸ்டர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"முட்டியக் கொஞ்சம் மடக்கிக்கோ சாமி. உள்ள போற வரைக்கும்" என்றார் நாச்சிமுத்து.

மடக்கிக்கொண்டாள். தலை கோட்டுக்கு நாலு விரல் கீழே இறங்கியது. சீட்டுக் கொடுக்கிற பெண் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் சின்ன ஆரஞ்சுத் தட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். எங்களுக்குப் பெரிய வெள்ளைத் தட்டு.

உள்ளே போன பிறகும் தன்யா முட்டியை நிமிர்த்தவில்லை. எங்கே பார்த்தாலும் சீருடை போட்ட ஆட்கள் நின்றார்கள். யாராவது பிடித்துவிடுவார்கள் என்ற பயம். அப்படியே குனிந்த மாதிரி நடந்து நடந்து தட்டோடு சுற்றி வந்தாள். ஆரஞ்சுத் தட்டுக்குத் தனி மேசை; நூடுல்ஸ், உருளைக்கிழங்கு வறுவல், ஜெல்லி. பிரியாணி பெரியவர்கள் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

உட்கார்ந்ததும் மாஸ்டர் தன் வெள்ளைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அதில் பிரியாணி இருந்தது. ஆரஞ்சுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஆறிப்போன வறுவலை ஒவ்வொன்றாகத் தின்றார். பூங்கா ஆட்கள் பார்த்தால் ஏதாவது சொல்லப் போகிறார்கள், மாஸ்டர் என்று நாச்சிமுத்து நாற்காலியில் நெளிந்தார். நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் அவர் தட்டில் வைத்தது அப்படியே கிடந்தது. யாரும் வரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பிள்ளை மறுபடி அந்த ரைடுக்குப் போக வேண்டும் என்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒலிபெருக்கியில் ஒரே பாட்டு ஓயாமல் ஓடியது. வாசலில் இப்போது வேறொரு பையன் நின்றான். முத்திரை எங்கே என்று கேட்டான். கையில் சிவந்த தோல்தான் இருந்தது. அப்படியானால் அளக்க வேண்டும் என்றான்.

தன்யா ஒட்டகச்சிவிங்கிக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். குதிகாலைத் தூக்கினாள். இறக்கினாள். முட்டியை மடக்கினாள். பின்னால் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முகம் கோணிப்போய்விட்டது.

"அப்பா, இங்க நீட்டணுமா, மடக்கணுமா?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். அதற்குள் அந்தப் பையன் தலையை அசைத்து அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டான். தன்யா அழவில்லை. விலகி வந்து மாஸ்டரின் விரலைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பினோம். பிள்ளை பின் சீட்டில் காலை நீட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். நாச்சிமுத்துவால் சும்மா இருக்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டீசை எடுப்பார், மடிப்பார், உள்ளே வைப்பார். கண்ணாடியை ஏற்றுவார், இறக்குவார். காங்கேயம் தாண்டியதும் இன்னும் மோசம். நாள் முடியப் போகிறதே என்ற தவிப்பு. அன்றைக்கு அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தை மீறி, பாவமாகக்கூட இருந்தது.

ஊதியூர்ப் பிரிவு வந்தபோது மாஸ்டர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். வெயில் தாழ்ந்திருந்தது. நேரே போனால் தாராபுரம். இடப்பக்கம் பிரிகிற மண்ரோட்டில் அரை மைல் போனால் நாச்சிமுத்துவின் அக்கா தோட்டம். அந்த வீட்டு ஓடு இங்கிருந்தே தெரியும்.

தன்னிடம் பேசத்தான் நிறுத்தச் சொல்கிறார் என்று நாச்சிமுத்துவுக்குப் பட்டிருக்க வேண்டும். சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பி உட்கார்ந்து நோட்டீசை நீட்டினார்.

"வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள்தானுங்க இருக்குது. இன்னைக்காவது சொல்லிப்போடுங்க மாஸ்டர். நான் வளர்ந்துட்டனா, இல்லீங்களா?"

மாஸ்டர் நோட்டீசை வாங்கிப் படித்தார். இரண்டாக மடித்து அவரிடமே கொடுத்தார்.

"எந்த வாசல்ல நின்னு கேக்கறீங்கண்ணா?"

நாச்சிமுத்து நோட்டீசை மறுபடி பிரித்தார்.

"வாசல் எதுன்னு சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி சொல்றேன்" என்றார் மாஸ்டர்.

பின் சீட்டில் தன்யா முட்டியைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் மகளைப் பார்க்கவில்லை. மண்ரோட்டைப் பார்த்தார், கையிலிருந்த நோட்டீசைப் பார்த்தார், மறுபடி மண்ரோட்டைப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்புவது என்று நான் கேட்கவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.