குழகுழாவும் கரும்பிடியானின் குளமும்

வெகு காலத்துக்கு முன்னால், மலைகள் இப்போது இருப்பதைவிட ஒரு முழம் உயரமாக இருந்த நாட்களில், ஏழ்சுனை என்று ஒரு நாடு இருந்தது. அங்கே திருமேனிப் பத்தர் என்று ஒரு பொற்கொல்லர். அவருக்கு ஒரே மகள், மருக்கொழுந்து.

பத்தர் வீட்டில் ஒரு வழக்கம். பட்டறையில் கை கழுவிய தண்ணீரைக் கீழே கொட்டமாட்டார்கள். தங்கத் தூள் அதில் இருக்குமே! நகை பற்றவைக்கிற வெங்கார உப்பும் அதில்தான் கரைந்து கிடக்கும். எல்லாம் ஒரு தொட்டியில் சேரும்.

ஒருநாள் மருக்கொழுந்து கொத்தவரை விதை மாவைக் கரைத்துப் பசை செய்தாள். பற்றவைக்கும்வரை பொடிமணிகள் உருண்டு ஓடாமல் நகையில் ஒட்டிவைக்க அந்தப் பசை வேண்டும். பசை கெட்டியாகிவிட்டது. கிணற்றுக்குப் போகச் சோம்பல். தொட்டியிலிருந்து ஒரு குவளை கழுவுநீரை எடுத்து ஊற்றிக் கலக்கினாள்.

அவ்வளவுதான். பசை திரண்டது, சுருண்டது, கையோடு எழுந்து வந்தது. நுங்கு போல நடுங்கியது. பிறகு பேசியது!

"மெல்ல இழுத்தா நீளுவேன், வெடுக்குன்னு இழுத்தா அறுவேன். யாரடி நீ?"

"நான் மருக்கொழுந்து. சட்டியில இருந்த என் பசை எங்கே?"

"நான்தான் உன் பசை. பேரு வைக்காம கேள்வி கேக்கிறியே!"

அவள் அதற்குக் குழகுழா என்று பேர் வைத்தாள். மெல்ல இழுத்தாள், முழம் முழமாக நீண்டது. வெடுக்கென்று இழுத்தாள், பட்டென்று அறுந்தது. அறுந்த துண்டுகளைச் சேர்த்து வைத்தாள், மறுபடி ஒன்றானது.

"இது என்ன மாயம்?"

"எனக்குள்ள நீள நீளமா நூல்பூதங்க இருக்கு. மாவைக் கரைச்சா வெளியே வரும். தனியா விட்டா ஒண்ணை ஒண்ணு வழுக்கிட்டு ஓடும். வெங்காரத்துல இருக்கிறது நாலு கைக் குட்டிங்க. ரெண்டு கை இந்தப் பூதத்தைப் பிடிக்கும், ரெண்டு கை அந்தப் பூதத்தைப் பிடிக்கும். மெல்ல இழுத்தா, விட்டு விட்டு வேற இடத்துல பிடிச்சுக்கும். வெடுக்குன்னு இழுத்தா அதுக்கு ஏது நேரம்?"

"பயம்னு ஒண்ணும் இல்லையா உனக்கு?"

குழகுழா குரலைத் தாழ்த்தியது. "புளிப்பு. உங்களுக்கு வாய் கூசும், குட்டிங்களுக்குக் கை கூசும். பிடியை விட்டுடும். நான் வெறும் தண்ணியாயிடுவேன். யார்கிட்டயும் சொல்லாதே."

"சொல்லமாட்டேன்" என்றாள் மருக்கொழுந்து.

அந்த நாட்டில் கரும்பிடியான் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். ஆயிரம் ஆயிரம் நாலு கைக் குட்டிகளைத் தன் கோலுக்குள் அடைத்து வைத்திருந்தான். அவன் பத்தரிடம் வந்தான்.

"அரசன் விரலில் போட ஒரு மோதிரம் செய். போட்டால் அவன் என் சொல்லைத் தட்டக்கூடாது."

"இந்தக் கையால அது நடக்காது சாமி. வேற தட்டாரைப் பாருங்க."

கரும்பிடியான் பத்தரைத் தூக்கி ஊர்க்குளத்தில் எறிந்தான். கோலால் தண்ணீரைத் தொட்டான். கோலிலிருந்த குட்டிகள் இறங்கிப் பாசி நூல்களைப் பிடித்துக்கொண்டன. குளம் முழுவதும் குழகுழவென்று இறுகியது. பத்தர் மார்பு வரை புதைந்து நின்றார்.

"பொழுது சாயும்வரை யோசி. சாய்ந்தால் தலைக்கு மேல் மூடிவிடும்."

அரசன் யானையை அனுப்பினான். பத்தர் மேல் கட்டிய வடத்தை யானை ஓர் உலுக்கு உலுக்கியது. குளம் கல்லாக இறுகியது, வடம் அறுந்தது. படைவீரர்கள் வாளோடு வந்தார்கள். வெட்டினார்கள். வெட்டிய இடம் வெட்ட வெட்ட ஒட்டிக்கொண்டது. மூன்றாவதாக, குழகுழாவை மடியில் கட்டிக்கொண்டு மருக்கொழுந்து ஓடிவந்தாள்.

"பாப்பா, யானையே தோத்துப் போச்சு. நீ எதுக்கு வந்தே?" என்று சிரித்தான் ஒரு வீரன்.

"யானைக்கு அவசரம் அண்ணே. வேற வடம் கட்டி எல்லாரும் பிடிங்க. மெல்ல. இன்னும் மெல்ல."

மெல்ல இழுத்தார்கள், பத்தர் விரல்கடை விரல்கடையாக நகர்ந்தார். இடுப்பு தெரிந்தது. ஆனால் சூரியன் மலையைத் தொட்டுவிட்டது. மெல்லப் போனால் நேரம் போதாது, வேகமாகப் போனால் குளம் விடாது. தப்பு வழி காட்டிவிட்டோமோ என்று மருக்கொழுந்து சூரியனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இன்னொரு வழியும் தெரியும். ஆனால் சொல்லமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாளே! நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மடியிலிருந்து குழகுழா பேசியது. "ஏன் வாயை மூடிட்டு நிக்கிறே? புளித்தண்ணியைக் கேளு."

"உனக்கு?"

"அந்தக் குட்டிங்க கை எவ்வளவு வலிக்குதோ! விடட்டும். கேளு!"

"புளித்தண்ணி!" என்று மருக்கொழுந்து கத்தினாள்.

பொற்கொல்லர் தெருவில் புளித்தண்ணீருக்கா பஞ்சம்? வீட்டுக்கு வீடு நகை மெருகிட வைத்திருக்கும் பானைகளைத் தூக்கி வந்தார்கள். ஊற்றினார்கள், ஊற்றினார்கள், ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். குளத்துக்குள் 'அப்பாடா!' என்று ஆயிரம் ஆயிரம் மூச்சுக் கேட்டது. குட்டிகள் பிடியை விட்டன. இறுகிய குளம் நீராய் இளகியது. சூரியன் மறைந்தபோது பத்தர் கரையில் கிடந்தார், மகளின் கையைப் பிடித்தபடி.

அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா?

"அடிப்பாவி, புளித்தண்ணி பூராத்தையும் கொட்டிட்டியே! அதுல எவ்வளவு தங்கத் தூள் இருக்கும்!"

ஊரே சிரித்தது. அழுதுகொண்டே மருக்கொழுந்தும் சிரித்தாள். "குளத்தடியில் சேர்கிற தங்கமெல்லாம் உங்கள் தெருவுக்கே. குறைவதை நான் நிரப்புகிறேன்" என்றான் அங்கே வந்து சேர்ந்த அரசன்.

கரும்பிடியானின் கோல் வெறும் மூங்கிலாகிவிட்டது. பிடித்து வைப்பதே பலம் என்று இருந்தவன், வெறுங்கையோடு நின்றான். அவன்மேல் இரக்கப்படலாமா என்று எனக்கு இன்றும் யோசனைதான். பத்தர் யோசிக்கவில்லை. அவனைப் பட்டறையில் துருத்தி ஊத வைத்துக்கொண்டார்.

மருக்கொழுந்து மடியைத் தடவினாள். குழகுழா இல்லை. புளித்தண்ணீர் தெறித்துச் சேலைதான் நனைந்திருந்தது. வீட்டுக்கு ஓடினாள். சேலை முனையைச் சட்டியில் பிழிந்தாள். கழுவுநீரை ஊற்றினாள். ஒன்றுமில்லை. இன்னொரு குவளை ஊற்றினாள். ஒன்றுமில்லை. புளிப்பெல்லாம் அடங்கும்வரை ஊற்றிக் கலக்கினாள். சட்டியில் ஏதோ நடுங்கியது, திரண்டது, சுருண்டது.

"மெல்ல இழுத்தா நீளுவேன், வெடுக்குன்னு இழுத்தா அறுவேன்" என்றது அது. "பேரு வச்சியே, கூப்பிடேன்!"

இன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கிண்ணத்தில் கலக்கி இழுக்கிறார்களே ஸ்லைம், அது குழகுழாவின் வம்சம்தான். மெல்ல இழுக்கச் சொல்லுங்கள்.