வாசலுக்குப் போகும் வழி

கணினிக்குள் ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருந்தார் சவரிமுத்து. அதில் முந்நூறு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விருந்தாளி. சாப்பாடு முடிந்ததும் புள்ளிகள் வாசலுக்கு நடக்கும். ஆறு நிமிடத்தில் மண்டபம் காலியாகிவிடும்.

பாளையங்கோட்டையில் பத்துக் கல்யாணங்களைப் படம் பிடித்தும் பார்த்திருந்தார். அங்கே காலியாகச் சராசரியாக ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது.

மறுநாள் ஆய்வுக் குழு கூடுகிறது. இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறையும் இரண்டு கணக்கும் பொருந்தாவிட்டால் பதிவு ரத்து. நாற்பத்தெட்டு வயதில், பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்த முனைவர் பட்டப் படிப்பு அது.

அவருடைய பேராசிரியர் பூங்கோதைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

"வாசலைக் குறுக்கிப் பார்த்தேன், மேடம். நடையைக் குறைச்சேன். பாதிப் பேருக்கு மூட்டுவலி கொடுத்தேன்."

"பாவம். அப்புறம்?"

"ஒன்பது நிமிஷம்."

"இன்னிக்கு நம்ம ஆபீஸ் இசக்கியப்பன் மகளுக்குக் கல்யாணம். வாங்க, சாப்பிட்டு வருவோம்."

சாப்பிட்டுக் கை கழுவியதும் பூங்கோதை சொன்னார்: "நான் முன்னால போறேன். நீங்க நேரா காருக்கு வந்துடுங்க."

வாசல் நாற்பது அடி தூரத்தில் இருந்தது. சவரிமுத்து அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இசக்கியப்பனைத் தேடிப் போனார்.

மேடையில் இல்லை. சமையல்கட்டில் இல்லை. பந்தியில் இலை இலையாகக் குனிந்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாரேன், இசக்கியப்பன்."

"என்ன சார், அதுக்குள்ளயா? பாயாசம் குடிச்சியளா?"

"ரெண்டு தடவை."

"அப்ப மூணாவது தடவை குடிங்க. ஏய், சாருக்கு ஒரு டம்ளர் கொண்டா."

குடித்தார். இசக்கியப்பன் தன் மைத்துனரை அறிமுகம் செய்தார். மைத்துனர் தன் சம்பந்தியை அறிமுகம் செய்தார். சம்பந்தி, சவரிமுத்துவின் பாலிடெக்னிக்கில் படித்தவராம். தாம்பூலப் பையோடு சவரிமுத்து காருக்கு வந்தபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

கார் பூட்டியிருந்தது. பூங்கோதை இன்னும் வரவில்லை.

பத்து நிமிடம் கழித்து, தலை நிறையப் பூவோடு வந்தார்.

"நீங்க முன்னாலயே கிளம்பினீங்களே, மேடம்?"

"கிளம்பினேன் சார். விட்டாத்தானே?"

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவசரமாகக் காரில் ஏறி மடிக்கணினியைத் திறந்தார்.

"ஒவ்வொரு புள்ளிக்கும் கொஞ்சம் தாமதம் சேர்த்துடட்டுமா, மேடம்?"

"நீங்க தாமதமா வந்தீங்களா?"

"இல்ல. இசக்கியப்பன்கிட்ட சொல்லிட்டு வந்தேன்."

"அப்ப அதை எழுதுங்க."

எழுதினார். யாரும் பெண்ணின் அப்பாவிடம் சொல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. அப்பா ஓரிடத்தில் நிற்கவும் கூடாது.

ஓடவிட்டார். முந்நூறு புள்ளிகளும் வாசலை விட்டுவிட்டு ஒரே ஒரு புள்ளியின் பின்னால் அலைந்தன. அது பந்திக்குப் போனால் பந்திக்கு. மேடைக்குப் போனால் மேடைக்கு. இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

"முப்பத்தெட்டு நிமிஷம்," என்றார் சவரிமுத்து. பிறகு அவர் முகம் வாடியது. "இன்னும் பதினாலு நிமிஷம் குறையுதே, மேடம். நாளைக்கு அதைக் கேட்பாங்களே."

பூங்கோதை தலையில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டார்.

"பொண்ணோட அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா, சார்?"

சவரிமுத்து மடிக்கணினியை மூடிவிட்டுக் காரிலிருந்து இறங்கினார்.