வியர்வை காய்ந்த குதிரை

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு கொக்கு. அது சொன்ன விதத்தைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. இருந்தாலும் அது சொன்னபடியே சொல்கிறேன்.

ஒரு காட்டில் ஆண்டுக்கு ஒருமுறை நெடுந்தூரக் குதிரைச் சவாரி நடக்கும். விடியலில் கிளம்பி, மலையைச் சுற்றி, பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். வழியில் மூன்று குளங்கள். ஒவ்வொன்றிலும் இறங்கி, குதிரைக்குத் தண்ணீர் காட்டி, அதன் உடம்பைச் சோதித்த பிறகே மறுபடி ஏற வேண்டும். சோதிப்பது சவாரி செய்பவரின் பொறுப்பு.

சவாரியை நடத்தியது கொக்கு. முந்தின நாள் மாலை புதியவர்களுக்கு அது பாடம் எடுத்தது. குரங்கு மட்டும் வரவில்லை. காலையில் செவலைக் குதிரையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"நேத்து ஏன் வரலை?" என்றது கொக்கு.

"கிளையில பிறந்தவன் நான். எனக்கு உட்காரச் சொல்லித் தரணுமா அண்ணே?"

"உட்காருறது பாடம் இல்லைடா. குதிரையோட உடம்பைப் பார்க்கத் தெரியணும்."

"இவங்களுக்குத்தான் வாய் இருக்கே, களைச்சா சொல்லுவாங்க. இல்லையா அக்கா?"

"சொல்றேன் தம்பி," என்று செவலை சிரித்தது.

கொக்கு சிறகை அசைத்தது. எல்லோரும் கிளம்பினார்கள்.

முன்னால் நான்கு குதிரைகள் புழுதி கிளப்பிப் போயின. செவலை அவற்றை விடாமல் துரத்தியது. முதல் குளத்தில் அதன் உடம்பெல்லாம் வியர்வை வழிந்தது. தண்ணீரில் வாய் வைத்ததுமே தலையைத் தூக்கியது.

"தாகம் இல்லையா அக்கா?"

"அவங்க போறாங்க பாரு. ஏறு."

குரங்கு ஏறியது.

இரண்டாம் குளத்தில் கொக்கு நின்றிருந்தது.

"பார்த்தீங்களா அண்ணே! மொதல்ல தொப்பலா நனைஞ்சிருந்தாங்க. இப்ப ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஓட ஓடப் பழகிட்டாங்க."

கொக்கு செவலையின் கழுத்துத் தோலை அலகால் கிள்ளி இழுத்தது. விட்ட பிறகும் தோல் மடிந்தபடியே நின்றது.

"வயித்துல காதை வை. என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலை. அமைதியா இருக்கு. நல்லதுதானே?"

"நல்லா இருக்குற குதிரைக்கு வயிறு உருட்டிக்கிட்டே இருக்கும். இதுக்கு உள்ளே தண்ணியே வத்திப்போச்சு. அதனாலதான் வியர்வையும் நின்னிருக்கு."

குரங்கு செவலையின் முகத்தைப் பார்த்தது. "களைச்சா சொல்றேன்னீங்களே அக்கா?"

"அவங்க முன்னால ஓடினாங்க," என்றது செவலை. "அவங்க ஓடும்போது எனக்கே தெரியலை தம்பி."

அதன் முன்னங்கால்கள் மடிந்தன. குரங்கு உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி அள்ளி அதன் வாயில் விட்டது. தண்ணீர் உள்ளே போகாமல் ஓரமாக வழிந்தது. மூன்றாம் குளத்தைச் செவலை பார்க்கவே இல்லை.

"எனக்கு யாரும் சொல்லலையே," என்று குரங்கு அழுதுகொண்டே இருந்தது.

ஓர் உயிரின் மேல் ஏறுபவன், அது வாயால் சொல்லாததையும் கேட்கக் கற்ற பிறகே ஏற வேண்டும். கொக்கு எப்போதும் இப்படித்தான் கதையை முடிக்கும். போன மழைக்காலத்தில்தான் அதனிடம் கேட்டேன்: "குரங்குக்கு ஒன்றும் தெரியாது என்று காலையிலேயே உனக்குத் தெரியும். பிறகு ஏன் சிறகை அசைத்தாய்?"